படிகாரம் போட்ட பல்பு

எங்கள் வீட்டில் முதலில் கருகியது என் லுங்கி. ஜன்னலுக்கு உட்புறம் கட்டிய கொடிக்கயிற்றில் உலர்ந்துகொண்டிருந்த நீலக்கட்ட லுங்கியில், மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை. ஓரமெல்லாம் பழுப்பு. தொட்டால் உதிர்ந்தது. மறுநாள் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. மார்கழி பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

என் மனைவி லுங்கியை விரித்துப் பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள்.

"பிடிக்கறீங்களா?"

"எத்த?"

"எத்தன்னு உங்களுக்குத் தெரியும்."

நான் சிகரெட்டை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. விட்டதற்குக் காரணம் மனவுறுதி இல்லை, மனைவி மேல் இருந்த பயம். அந்தப் பயம் கொஞ்சமும் குறையாமல் அப்படியே இருந்ததால், நான் பிடிக்கவில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் இதை ஒரு வாதமாக அவளிடமே எடுத்து வைக்க முடியுமா? "சத்தியமா இல்ல" என்றேன். பிடிக்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள் என்று அவள் முகம் சொன்னது.

அடுத்தது காலண்டர். ஜன்னல் கதவின் உட்பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருந்த தினசரி காலண்டர். அதன் அட்டையில், சாமி படத்துக்குக் கீழே, இடமிருந்து வலமாகப் பழுப்புக் கோடு ஒன்று ஓடியிருந்தது. காலில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஓர் எறும்பு நடந்துபோன மாதிரி இருந்தது. மறுநாள் அதற்கு இணையாக இன்னொரு கோடு. நானும் மனைவியும் காலை ஒன்பது மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவோம். பூட்டைத் திறந்ததும் துணி தீய்ந்த நாற்றம் வாசலிலேயே நின்று எங்களை வரவேற்கும். உள்ளே ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்ப்போம். அடுப்பு அணைந்திருக்கும். சுவிட்சுகள் எல்லாம் சரியாக இருக்கும். விழுப்புரத்தில் மின்சாமான் கடை வைத்திருக்கிற நான், என் வீட்டு ஒயரை நானே மூன்று முறை அவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஜன்னலில் தொங்கிய என் தண்ணீர் பல்பு மட்டும் எதுவும் தெரியாத மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பல்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் எல்.இ.டி.க்கு மாறிய பிறகு என் கடையில் குண்டு பல்பு இரண்டு பெட்டி தேங்கிவிட்டது. இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. அப்போதுதான் கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பல்பின் வயிற்றைக் காலி செய்து, உள்ளே நிறத் தண்ணீர் ஊற்றி, வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். பார்க்க அத்தனை அழகு. கெட்ட புத்தி எல்லாம் அழகான வீடியோவாகத்தான் உள்ளே நுழைகிறது.

பிளையரால் பல்பின் அடியில் இருக்கும் ஈயப் பொட்டைப் பிடுங்க வேண்டும். கறுப்புக் கண்ணாடியை ஸ்குரூடிரைவரால் தட்டி உடைக்க வேண்டும். உள்ளே இருக்கும் தண்டையும் கம்பியையும் உதறி எடுத்துவிட்டால், கழுத்தும் வயிறும் மட்டும் மிஞ்சும். முதல் ஏழு பல்புகள் என் கையிலேயே உடைந்தன. எட்டாவது பிழைத்தது. அன்று என் விரல்களில் ஐந்து பிளாஸ்திரி. கடைக்கு வந்த ஒருவர், "அண்ணே, அண்ணி அடிச்சாங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. முதலில் பச்சைத் தண்ணீர். அடுத்து சொட்டுநீலம் கலந்த தண்ணீர். வெள்ளைச் சட்டைகளுக்குப் போட வைத்திருந்ததைத் தீர்த்ததற்கு வசவு. தேங்காயெண்ணெய் ஊற்றினேன், கார்த்திகைக் குளிரில் அது உறைந்து வெள்ளையாகி, பழையபடி பல்பு மாதிரியே ஆகிவிட்டது. இத்தனை பாடுபட்டு ஒரு பல்பைப் பல்பாகவே ஆக்கிய ஒரே விஞ்ஞானி நான்தான். மண்ணெண்ணெய் ஊற்றியதை மனைவி பார்த்தாள். எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிறம் நன்றாக இருக்கிறதே என்று தெளிந்த ரசத்தை ஊற்றி மெழுகால் மூடி வைத்தேன். நான்காம் நாள், விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போது, அது மூடியைத் தூக்கி எறிந்துகொண்டு வெடித்தது. வந்தவர்கள் அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவர்கள் போன வேகத்தைப் பார்த்தால் ஊரிலேயே இருக்கிறார்களா என்பது சந்தேகம்.

வீட்டில் மிஞ்சியது ஜன்னலில் தொங்கிய பச்சைத் தண்ணீர் பல்பு ஒன்றுதான். கடைக்கு வந்த இரண்டு பேருக்கு, சுவிட்சு வாங்கியதற்காக, ஆளுக்கு ஒன்று சும்மா கொடுத்தேன். இன்னும் மூன்று திண்டிவனம் போயின.

திண்டிவனத்தில் என் தங்கை. ஆவணியில்தான் அவளுக்குக் கல்யாணம். எங்களுக்கு அப்பா, அம்மா இல்லை. அவளுக்குத் தாய்வீடு என்றால் என் வீடுதான். மாப்பிள்ளை குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறார். நல்ல மனுஷன், அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அவர் அம்மா பேசிவிடுவார்கள். நான் அவர்களை அத்தை என்று கூப்பிடுவேன்.

மறுவீட்டு விருந்துக்குப் போனபோது மூன்று பல்புகளை எடுத்துப்போனேன். உள்ளே குங்குமம் கரைத்த தண்ணீர். ஆரத்தி மாதிரி சிவப்பாக, கலங்கலாக இருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்கு மங்களமாக ஏதாவது கொண்டுபோக வேண்டாமா?

அத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். "இன்னா தம்பி இது? டானிக்கா?"

"அழகுக்கு, அத்தை. தொங்கவுடலாம்."

"அழகுக்குத் தொங்கவுட்டா நாலு பேரு கண்ணு இதும்மேலதான் படும்." சொல்லும்போதே அவர்களுக்கு யோசனை வந்துவிட்டது. "பட்டா நல்லதுதானே! திருஷ்டிக்கு ஆச்சு. உள்ள ஒரு எலுமிச்சம்பழம் போட்டுக் குடுங்களேன்."

"இந்த வாயில எலுமிச்சம்பழம் எப்படி அத்தை நுழையும்?"

"அப்ப படிகாரம் போடுங்க."

திருஷ்டிக்குப் படிகாரத்தைக் கயிற்றில் கட்டி வாசலில் தொங்கவிடுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அத்தை கல்லை உரலில் இட்டு நுணுக்கிக் கொடுத்தார்கள். பல்புக்கு ஒரு சிட்டிகையாக நானே போட்டு, நானே மெழுகு உருக்கி மூடினேன். அந்தப் படிகாரத்தைக் கலங்கல் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்பதும் எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். குடத்துத் தண்ணீரைத் தெளிய வைக்க நாமே கலக்குகிறோம். அன்று அங்கே இருந்த ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. எனக்கு ஜோக்கு அடிக்கத்தான் நேரம் சரியாக இருந்தது.

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை. சூரியனைப் பார்த்த நாட்கள் குறைவு. மார்கழியில் வானம் வெளுத்தது. சூரியன் தெற்கே சாய்ந்து, வருடம் முழுக்க வெயில் படாத தெற்கு ஜன்னல்களில் நேராக எட்டிப் பார்த்தது. என் லுங்கி ஓட்டையான அதே வாரம் தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, அங்க எல்லாம் நல்லா இருக்குதா?"

"உங்க அண்ணிக்குத்தான் எம்மேல சந்தேகம். மத்தபடி நல்லாருக்கோம்."

அவள் சிரிக்கவில்லை. எதைச் சொன்னாலும் சிரிக்கிற பெண் அவள். சின்ன வயதில் நான் திட்டு வாங்கும்போது பக்கத்தில் நின்று சிரித்து, அவளும் சேர்த்து வாங்குவாள். "இங்க அத்தையோட பட்டுப்புடவையில ஒரு ஓட்டைண்ணே" என்றாள். "தீஞ்ச மாதிரி. நேத்து ஜன்னல் திரையில. முந்தாநேத்து எந்துணியில."

இரண்டு ஊர், இரண்டு வீடு, ஒரே மாதிரி ஓட்டை. மனைவியிடம் சொன்னேன். அவள் முகத்திலிருந்து சிகரெட் சந்தேகம் போய்விட்டது. எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம் இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது அதைவிட மோசமாக இருந்தது. அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தோம். யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்கிற மாதிரி.

தை பிறந்து பத்து நாள் ஆனது. இந்த முறை போன் செய்தது அத்தை.

"தம்பி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. குறி கேட்டோம். கல்யாணத்துக்கு அப்புறம் வெளியிலேருந்து ஒரு பொருள் வூட்டுக்குள்ள வந்துருக்குது, அது வெளிய போனாத்தான் அடங்கும்னு வந்துச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வூட்டுக்கு வந்தது யாரு, நீங்களே சொல்லுங்க."

"அத்தை, அவ பொருளா? பொண்ணு."

"நான் கண்ணால பாத்ததைச் சொல்றேன். புடவை கருகனப்ப பக்கத்துல நின்னது யாரு? அவ. திரை கருகனப்ப? அவ. அதுகூடப் பரவால்ல தம்பி. திருஷ்டிக்குக் கட்டியிருக்கற பல்பை யாரும் இல்லாதப்ப துணி போட்டு மூடறா. நான் அவுக்கறேன், அவ மூடறா. திருஷ்டி கண்ணை மூடற பொண்ணை நீங்க எங்கயாவது பாத்துருக்கீங்களா? கொஞ்ச நாள் உங்க வூட்ல இருக்கட்டும். நாளைக்கு வந்து கூட்டிக்கினு போங்க."

கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். ஐந்து மாதத்தில் பையோடு திரும்பி வருகிற பெண்ணை எங்கள் தெருவில் யாரும் 'எப்ப திரும்பிப் போற?' என்று இரண்டு முறை கேட்கமாட்டார்கள். ஒரு முறை கேட்பார்கள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். அதுதான் பயம்.

மறுநாள் எங்கள் பகுதிக்கு மாதாந்திர மின்தடை. மின்சாமான் கடைக்காரனுக்குக் கிடைக்கிற ஒரே விடுமுறை. பத்து மணி பஸ்ஸில் போகலாம் என்று, குளித்துவிட்டு ஜன்னலை ஒட்டி நாற்காலியைப் போட்டுப் பேப்பரை விரித்தேன். படிக்கிற மனநிலை இல்லை. முகத்தை எங்காவது வைத்துக்கொள்ள வேண்டுமே.

என் தலையில் உச்சி முழுக்க வழுக்கை. அங்கே திடீரென்று குளவி கொட்டியது. பட்டென்று அடித்தேன். கையில் ஒன்றும் இல்லை. சற்று நகர்ந்து உட்கார்ந்தேன். தலை விலகிய இடத்துக்குப் பேப்பர் வந்தது. கண்ணீர் அஞ்சலி விளம்பரம் ஒன்று. பெரிய மீசையோடு ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மீசையில் கண் கூசுகிற வெள்ளைப் பொட்டு ஒன்று நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீசையிலிருந்து ஊதுபத்தி மாதிரி ஓர் இழை புகை எழுந்தது.

பொட்டிலிருந்து மேலே பார்த்தேன். இரண்டு விரற்கடை தூரத்தில் என் பல்பு. அதற்கு அந்தப் பக்கம் சூரியன்.

பன்னிரண்டாம் வகுப்பில் குவிலென்சுக்குப் படம் போட்டு, பாகம் குறித்து, ஐந்துக்கு ஐந்து வாங்கியவன் நான். பொதுத்தேர்வு இயற்பியலில் எனக்குக் கிடைத்த முழு மதிப்பெண் அது ஒன்றுதான். அதைத்தான் வீட்டில் தொங்கவிட்டு, அதன் அடியிலேயே உட்கார்ந்து ஒரு மாதம் பேய்க்குப் பயந்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு திண்டிவனத்தை நினைத்ததும் நின்றுவிட்டது.

தங்கை பல்பைத் துணி போட்டு மூடுகிறாள் என்று அத்தை சொன்னார்களே. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் போன் அணைந்திருந்தது. அத்தைக்குப் போட்டேன்.

"அத்தை, ஒண்ணும் கேக்காதீங்க. அந்தப் பல்பை ஜல்தியா கழட்டி இருட்டுல வெச்சிருங்க."

"ஏன் தம்பி?"

"அதுதான் நெருப்பு வைக்குது."

"தங்கச்சிக்காகப் பேசறீங்க, புரியுது. அதுக்காகத் திருஷ்டியைக் கழட்டச் சொல்லாதீங்க. இந்த நேரத்துலதான் அது வேணும். காத்துல ஆடாம இருக்கணும்னு நேத்துதான் வாசல் பல்பைத் தட்டியோட ஒட்டி இழுத்துக் கட்டினேன்." போனை வைத்துவிட்டார்கள்.

தட்டி என்றால் கீற்றுத் தட்டி. முன்கொட்டகையின் மறைப்பு. அதற்குப் பின்னால் மாட்டுக்குப் போடுகிற காய்ந்த மல்லாட்டைக் கொடி, அதாவது வேர்க்கடலைக் கொடி, ஆள் உயரத்துக்குக் குவித்திருக்கும். ஆவணியில் அதைப் பார்த்து, "அத்தை, இது போரா, மயிலம் மலையா?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் வெயில் என் பக்கத்து ஜன்னலிலேயே உட்கார்ந்து வந்தது. இதமான தை வெயில். பஸ்ஸில் எல்லோரும் அதில் சுகமாகக் கண்ணை மூடியிருந்தார்கள். முன்சீட்டில் ஒருவர் தண்ணீர் பாட்டிலைக் கண்ணாடி ஓரம் வைத்திருந்தார். எடுத்துக் கீழே வைத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். மறுபடி மேலே வைத்தார். மறுபடி எடுத்தேன். "இன்னா சார் பேஜாரு?" என்றார். விக்கிரவாண்டி தாண்டியதும் அவர் வேறு சீட்டுக்குப் போய்விட்டார். தூரத்தில் எங்கோ வயல்காட்டில் புகை தெரிந்தது. அது திண்டிவனம் திசையா என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

தெருமுனையில் மோப்பம் பிடித்தேன். சாம்பார் வாசனைதான் வந்தது. தெருவில் ஒரு வீட்டில் சாம்பார் கொதிக்கிறது என்பதற்காக என் கண்ணில் தண்ணீர் வந்தது அன்றைக்குத்தான்.

தங்கை கொட்டகையில் நின்றிருந்தாள். கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த பெரிய பை அவள் காலடியில், ஜிப் போட்டு, தயாராக இருந்தது. மாப்பிள்ளை வண்டி டயரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். டயர் நன்றாகத்தான் இருந்தது.

நான் நேராகப் பல்பிடம் போனேன். அதை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். நான் கொடுத்தபோது ஆரத்தித் தண்ணீராக இருந்தது இப்போது இல்லை. படிகாரம் தன் வேலையைச் செய்திருந்தது. குங்குமம் மொத்தமும் அடியில் படிந்து உறைந்த ரத்தமாகக் கிடக்க, அதற்கு மேலே தண்ணீர் பளிங்காக நின்றது. கீழ் இமை சிவந்த ஒற்றைக் கண் மாதிரி இருந்தது. அதன் பின்னால், கீற்றில், உளுந்து அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு. விரல் வைத்தேன். விரல் அந்தப் பக்கம் போய்க் காய்ந்த கொடியில் இடித்தது.

"அத்தை, இங்க பாருங்க."

அத்தை வந்தார்கள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்கள். கடைசியில், "தம்பி, தண்ணி நெருப்பை அணைக்கும். தண்ணி நெருப்பு வைக்குமா?" என்றார்கள்.

அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில் இருந்தது. அது மேலே இருந்தது. நான் பல்பை அவிழ்த்து முற்றத்துக்குக் கொண்டுபோனதும், சரியாக ஒரு மேகம் வந்து அதை மூடியது.

கையில் பல்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். "இன்னா பண்றாரு?" "வெயிலு வரணுமாம்." "வந்தா?" "நெருப்பு வருமாம்." "யாரு இவரு?" "பொண்ணோட அண்ணன்." "ஓகோ." அந்த 'ஓகோ'வில் எங்கள் பரம்பரை முழுவதும் அடங்கியது. வழக்கமாக இப்படி ஒரு கூட்டம் கிடைத்தால் நான் விடமாட்டேன். ஒரு ஜோக்கு சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. கை வலித்தது. தங்கை என்னைப் பார்க்காமல் பையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேகம் நகர்ந்தது.

என் இடது உள்ளங்கையைப் பல்புக்குக் கீழே கொண்டுபோனேன். வெள்ளைப் பொட்டு விழுந்தது. எண்ணத் தொடங்கினேன், நான்கைத் தாண்ட முடியவில்லை. கையை உதறியதைப் பார்த்து யாரோ, "நடிக்கறாரு" என்றார்கள்.

அடுத்தது அத்தை. முன்னால் வந்து, தன் அரக்குப் புடவையின் முந்தானை ஓரத்தைத் தானே அந்தப் பொட்டுக்குக் காட்டினார்கள். எல்லோரும் குனிந்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நூல் மாதிரி புகை. பிறகு, ஒரு மாதமாக எங்கள் இரண்டு வீட்டிலும் சுற்றிய அந்த நாற்றம். அத்தை முந்தானையைக் கசக்கி அணைத்தார்கள். கையை எடுத்தபோது மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை.

அத்தை தங்கை பக்கம் திரும்பினார்கள். "உனுக்குத் தெரியுமா?"

தங்கை தலையை அசைத்தாள்.

"எப்பலேருந்து?"

"பட்டுப்புடவை கருகன அன்னிக்கே. அதான் மூடனேன்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"எங்கண்ணன் குடுத்த பொருளு, அத்தை. அது நெருப்பு வைக்குதுன்னு நான் சொன்னா, வூட்டைக் கொளுத்தறதுக்கே குடுத்தான்னு ஆவும். அண்ணங்கிட்ட சொன்னா நேரா உங்ககிட்ட வந்து ஒத்துக்கும். என்னைச் சொன்னாப் போவுதுன்னு இருந்தேன்."

ஒரு சிட்டிகை குங்குமத்தில் நான் விளையாடியதற்கு அவள் ஒரு மாதமாகக் காவல் நின்றிருக்கிறாள். நான் எதையாவது சொல்லிச் சமாளிப்பவன். அன்று அது போதாது. எதையாவது செய்ய வேண்டுமே என்று உள்ளே போய் ஹால் ஜன்னலில் இருந்த பல்பையும் அவிழ்த்துவந்தேன்.

"மூணு குடுத்தேனே, இன்னொண்ணு எங்க அத்தை?"

அத்தையின் முகம் மாறியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கண்டமங்கலத்துல" என்றார்கள். "எம்பொண்ணு வூட்ல. போன வாரம் நான்தான் எடுத்துக்கினு போயி ஜன்னல்ல கட்டிட்டு வந்தேன்."

அவர்கள் மகளும் மருமகனும் பாண்டிச்சேரியில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் ஆறு மணிக்குத்தான் வருவார்கள். வேலை நேரத்தில் செல்லை வாங்கி வைத்துவிடுவார்கள். போட்டுப் பார்த்தோம், இரண்டும் அடித்து அடித்து ஓய்ந்தன. பக்கத்து வீட்டு நம்பர் யாரிடமும் இல்லை.

"ஜன்னலு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

அத்தை கையைத் தெற்கே காட்டினார்கள். அந்தக் கையைக் கீழே இறக்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மாப்பிள்ளை அதற்குள் வண்டியை எடுத்துவிட்டார். ஏறப்போன அத்தை நின்றார்கள். திரும்பிப் பார்த்தார்கள். தங்கை பையை ஒட்டியே நின்றிருந்தாள், எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று தெரியாத மாதிரி.

"பையை உள்ள வெச்சிட்டு வா" என்றார்கள் அத்தை. "எந்நேரம் நிப்ப? வா, வந்து ஏறு."

முன்னால் மூன்று பேர். பின்னால் லோடு அடிக்கிற இடத்தில் காலி சாக்குகளோடு நான். மடியில் அந்த இரண்டு பல்புகள். விட்டுவிட்டு வர பயமாக இருந்தது. மெழுகைப் பெயர்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் முடிந்தது என்பது போய்ச் சேர்கிறவரை எனக்குத் தோன்றவே இல்லை. சட்டையைக் கழற்றி அவற்றைச் சுற்றி, வெற்று உடம்பாக, கண்டமங்கலம் வரை குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு போனேன். வழியில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. மேகம் அதற்கப்புறம் ஒன்றுகூட வரவில்லை. வானம் கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது. அப்படி ஒரு நீலத்தை நான் அதற்கு முன் வெறுத்ததில்லை.

போனபோது ஒன்றரை மணி. வீடு நின்றது. பூட்டு தொங்கியது. ஆனால் அந்த நாற்றம் வாசலிலேயே இருந்தது. பக்கவாட்டில் ஓடினோம். ஜன்னலுக்கு உள்ளே பல்பு. அதன் பின்னால் பச்சைத் திரை. திரையில் வாரம் முழுக்க நடந்த எறும்பின் தடம், வரிசை வரிசையாக. கடைசி வரிசையின் நுனியில் ஓர் ஓரம் சிவந்து, உள்ளங்கை அகலத்துக்குக் கருகி, மெல்லத் தின்றுகொண்டே கீழே இறங்கியது. திரைக்குக் கீழே பஞ்சு மெத்தை.

நான் கம்பிக்குள் கையை விட்டேன். பருத்த கை முழங்கையோடு மாட்டிக்கொண்டது. சாப்பிடும்போதே என்னை யாராவது எச்சரித்திருக்கலாம். தங்கை என்னைத் தள்ளிவிட்டு, மெலிந்த கையைத் தோள்வரை உள்ளே விட்டாள். முதலில் பல்பைப் பிடுங்கினாள். மாப்பிள்ளை வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்தார். அவள் துணியை நனைத்து நனைத்து, கருகிய ஓரத்தை விரலால் நசுக்கி அணைத்தாள்.

"பாத்தும்மா" என்றார்கள் பின்னால் நின்ற அத்தை. "கை சுட்டுக்கப் போவுது."

புகை நின்ற பிறகும் நாங்கள் நான்கு பேரும் சாயங்காலம் வரை அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை.

தங்கை திண்டிவனத்தில்தான் இருக்கிறாள். அந்தப் பை பரணில் ஏறிவிட்டது. அத்தை குறி சொன்னவருக்குத் தட்டு வைத்துவிட்டு வந்தார்கள். வெளியிலிருந்து வந்த பொருள் என்று அவர் சொன்னது அச்சுப் பிசகாமல் பலித்திருக்கிறதே. எனக்கும் அவர் மேல் மரியாதைதான். நான் அந்த வீட்டுக்குப் போனால் வாசலிலேயே, "கையில இன்னா தம்பி?" என்று கேட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டிய பிறகுதான் "வாங்க" என்பார்கள். இடது உள்ளங்கையில் தழும்பு இருக்கிறது. அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஆனால் சுவிட்சு வாங்க வந்த அந்த இரண்டு பேர் யார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை. ஒருவர் திருவெண்ணெய்நல்லூர் பஸ் பிடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டார். அவ்வளவுதான் தெரியும். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். கடை வாசலில் எழுதியும் ஒட்டியிருக்கிறேன்: 'தண்ணீர் பல்பு வாங்கிச் சென்றவர்கள் உடனே திருப்பித் தரவும்.' படித்துவிட்டு, தண்ணீர் பல்பு புது மாடலா, எத்தனை வாட்ஸ் என்று விசாரிக்கிறார்கள்.

மார்கழி மறுபடி பிறந்துவிட்டது. தங்கை போன் செய்தால், எல்லாம் பேசி முடித்து வைக்கப்போகும்போது கேட்பாள்.

"அண்ணே, அந்த ரெண்டும் கிடைச்சுதா?"

"இல்லம்மா."

போனைக் காதில் வைத்தபடியே நான் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பேன்.

"இங்க இன்னிக்கு நல்ல வெயிலு" என்பாள்.